செல்ஃப் போடறதுக்கு முன்னால

— காலால எதைத் தேடறீங்க? அங்க கிக்கர் இல்லீங்க.

— கிக்கர் இல்லாம ஒரு வண்டியா நிர்மலா? எவன் செஞ்சான் இதை?

— எவனோ செஞ்சான். பல்லடத்துல இருந்து ஜெயபாண்டின்னு ஒருத்தர் பஸ் ஏறி வந்து உதைக்கப் போறாருன்னு அவனுக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா உங்களுக்குன்னு தனியா ஒண்ணு மாட்டி உட்டிருப்பான்.

— வந்ததுல இருந்து நக்கலுதேன். இந்தா பாரு, நான் உங்கிட்ட சொத்தா கேட்டேன்? எம்புள்ளைய பள்ளிக்கூடத்துல போய்க் கூட்டிட்டு வாரேன்னு சொன்னேன். அம்புட்டுத்தேன்.

— நான் மாட்டேன்னு சொல்லலீங்களே. சாவி உங்க கையில இருக்குது, வண்டி வாசல்ல நிக்குது. ஸ்டார்ட் பண்ணி எடுத்துட்டுப் போங்க. வருசம் ஒண்ணாச்சு, எட்டிப் பாக்காத அப்பன் இன்னைக்கு புள்ளைய கூட்டியாரப் போறாரு. பிசிறு வெட்டறத பாதியில போட்டுட்டு வந்து நிக்கறேன், அந்த அழகப் பாக்கறதுக்கு.

— என்ன பிசிறு? கம்பெனிக்குப் போகலையா நீ?

— கம்பெனிய உட்டுட்டனுங்க. பனியன் பீஸ் வாங்கியாந்து ஊட்டுலயே நூல் பிசிறு வெட்டிக் குடுக்கறேன். கட்டுக் கட்டா இந்த வண்டியிலதான் ஏத்திட்டு வர்றது. அதுக்குத்தான் ஸ்கூட்டர் வாங்காம இதை வாங்குனேன். நீங்க போனதுக்கப்பறம் வாங்குனது. அதனால உங்களுக்குத் தெரிய நாயமில்லீங்க.

— தெரியாட்டி என்ன? மீசை மொளைக்கிறதுக்கு முந்தி வண்டி ஓட்டினவன் நான். உசிலம்பட்டி சந்தைக்கு எங்கப்பா வண்டியில ஆட்டுக்குட்டிய மடியில வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன்.

— ஆட்டுக்குட்டிக்கு என்னங்க தெரியும், ஓட்டறது யாருன்னு.

— நீ பேசு. பேசு. இந்த சோக்கு எங்கிட்டு இருக்கு?

— எந்த சோக்கு?

— சோக்கும்மா. வண்டி சில்லுனு கெடந்தா இழுத்து விடுவமே.

— இது எஃப்.ஐ. வண்டிங்க. சோக்கும் கெடையாது, கார்ப்ரேட்டரும் கெடையாது, பெட்ரோல் திருப்பற குழாயும் கெடையாது. எவ்வளவு பெட்ரோல் வேணும், எவ்வளவு காத்து வேணும்னு அதுவே பாத்துக்கும். நீங்க பக்கத்துல நின்னு புத்தி சொல்லோணும்னு அவசியமில்ல.

— அப்ப நான் எதுக்கு?

— அதைத்தானுங்க நானும் ஒரு வருசமா யோசிச்சுட்டிருக்கேன்.

— இந்தா, சாவியத் திருப்பிட்டேன். பட்டனை அமுக்கிட்டேன். ஒண்ணுமே நடக்கல. பேட்டரி அவுட்டு.

— பேட்டரி நல்லாத்தான் இருக்குது. காலையில ரெண்டு கட்டு ஏத்திட்டு வந்தேன். வண்டி கியர்ல கெடக்குது, சைடு ஸ்டாண்டும் கீழ நிக்குது. இப்படி இருந்தா செல்ஃப் எடுக்காதுங்க. ஸ்டாண்டை எடுக்காம ஓட்டி உழுந்து சாகறவங்களுக்குன்னே இந்த ஏற்பாடு. செஞ்சவன் உங்கள நெனைக்கலேன்னு சொன்னேன் பாருங்க, தப்பு. நெனைச்சிருக்கறான்.

— மொதல்லயே சொன்னா என்னவாம்?

— சாவி வாங்கறப்ப நீங்க கேட்டீங்களா? 'எனக்கா சொல்லித் தார'ன்னு கையில இருந்து புடுங்கிட்டு வந்தீங்க.

— சரி. ஸ்டாண்டை எடுத்தாச்சு. பச்சை லைட்டு எரியுது. நியூட்ரல். இப்பப் பாரு, எப்படி எடுக்குதுன்னு.

— ஏனுங்க.

— எடுக்கும், எடுக்கும். சுத்துது பாரு.

— ஏனுங்க, அந்த முறுக்கு எதுக்கு முறுக்கறீங்க?

— ஆக்சிலேட்டரை முறுக்கினாத்தேன பெட்ரோல் எறங்கும்.

— அது ஈரத் துணி இல்லீங்க, முறுக்கிப் பிழியறதுக்கு. கையத் தளர்த்தி உடுங்க. ஸ்டார்ட் ஆகற வரைக்கும் அந்தக் கைக்கு வேலையே இல்ல. செல்ஃபையும் சும்மா சும்மா அமுக்காதீங்க, நெசமாவே பேட்டரி எறங்கிரும். அப்பறம் ரோட்டு வரைக்கும் தள்ளிட்டுப் போறது நானுங்க, நீங்க இல்ல.

— எல்லா வண்டியும் முறுக்கித்தேன் எடுத்தேன். எந்த வண்டியும் என்னையக் கொறை சொன்னதில்ல.

— அந்த வண்டிகளுக்கு வாய் இல்ல. ஆமா, நீங்க உசுரா வெச்சிருந்த பழைய வண்டி எங்கீங்க? பஸ்ல வந்து எறங்கியிருக்கறீங்க.

— வித்துட்டேன்.

— அதை வித்தீங்களா? பாப்பாவைக்கூட அதுமேல கால் வெக்க உடமாட்டீங்க, பெயிண்ட் போயிரும்னு. அதை வித்தீங்களா?

— வித்துட்டேன்னா உட்டுரு. இப்ப இந்த வண்டிக்கு வா. கம்ப்யூட்டர் வண்டி, மீட்டர் கண்ணாடியில எழுத்தெல்லாம் ஓடுது. எடுக்கத்தேன் மாட்டேங்குது. நீயாச்சும் சொல்லித் தொலை, என்ன செய்யணும்.

— இருங்க, அந்தக் கத்திரிக்கோல உள்ளார வெச்சுட்டு வந்தர்றேன். மொதல்ல பம்ப்பு சத்தம் கேக்கோணுங்க. அது கேட்டு அடங்குன பொறகுதான் செல்ஃபைத் தொடோணும்.

— பாம்பா? எங்கிட்டு? டேங்க்குக்கு அடியிலயா?

— சிரிப்பு வருது. இப்ப சந்தோசமா உங்களுக்கு? சிரிக்க வெச்சுட்டீங்க.

— நீதேன பாம்புன்ன.

— பம்ப்புங்க. பெட்ரோல் டேங்க்குக்குள்ள ஒரு பம்ப்பு இருக்குது. சாவியத் திருப்புனதும் ஙொய்ங்னு சன்னமா ஒரு சத்தம் வரும். பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளிட்டு தானா நிக்கும். அது நிக்கற வரைக்கும் மனுசன் சித்த பொறுத்திருக்கோணும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லீங்கறது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்றேன்.

— நீ உள்ளுக்குப் போயிக்கிட்டே பேசினா எனக்கு எப்படித் தெரியும்? என்னையப் பாத்துப் பேசு.

— பாக்கப் புடிக்காமத்தானுங்க திரும்பிட்டுப் பேசறது.

— எங்க ஊர்ல வஞ்சா, வஞ்சதோட போயிரும். உங்க ஊர்ல மரியாதையாப் பேசியே ஆளை முடிச்சிருவீங்க. ஒவ்வொரு 'ங்க'வும் செருப்படி கணக்கா உழுகுது.

— எங்க ஊர்ல வண்டிய முடுக்கத் தெரிஞ்சுட்டுத்தான் வீராப்பு பேசுவாங்க. எனக்கு இதெல்லாம் ஷோரூம்ல ஒருக்கா சொன்னாங்க. காது குடுத்துக் கேட்டேன். போதும். உங்களுக்கு எத்தனை வாட்டி சொன்னாலும் காதுல ஏறாது. கம்பெனியிலயும் இதே கதைதான.

— கம்பெனிக் கதைய எதுக்கு இழுக்கற?

— இழுக்காம? நீங்க நின்ன நிட்டிங் மெஷின்ல ஊசி ஒடைஞ்சு, துணி ஓட ஓட ஓட்டை உழுந்துட்டே போகுது. செக்கிங் சூப்பர்வைசர் நான், பின்னால நின்னு நிறுத்துங்க நிறுத்துங்கன்னு தொண்டை கிழியக் கத்தறேன். திரும்பிக்கூடப் பாக்கலீங்க. பொண்டாட்டி சொல்லி மெஷினை நிறுத்தறதாங்கற வீம்பு.

— வீம்பெல்லாம் இல்ல.

— அப்பறம் என்னங்க அது? ஒரு ரோலு துணி வீணாப் போச்சு. 'காதுல ஏறலையா உங்களுக்கு'ன்னு எல்லாரு முன்னாலயும் கேட்டுட்டேன். கேட்டது தப்புன்னே வெச்சுக்கலாம். அதுக்கு அன்னைக்கு சாயங்காலமே பையத் தூக்கிட்டு பல்லடத்துக்குத் தறி ஓட்டப் போறதா? எங்கூட ஒரு வார்த்தை பேசல. பாப்பா டியூசன் முடிஞ்சு வர்ற வரைக்கும்கூட நிக்கலீங்க.

— தறி எனக்கென்ன புதுசா? ஊர்ல இருந்து வந்ததுல இருந்து கல்யாணம் வரைக்கும் தறி ஷெட்டுலதேன கெடந்தேன். அங்கன போனேன்.

— போங்க, யாரு வேண்டாம்னா. எங்கப்பா அன்னைக்கே சொன்னாரு, தெக்கத்திப் பையன், ரோசம் ஜாஸ்தி, நின்னு குடும்பம் நடத்தமாட்டான்னு. நாந்தான் குன்னத்தூர்ல எங்க ஊட்டுல அத்தனை பேரையும் எதுத்துட்டு உங்க பின்னால வந்தேன். பொண்டாட்டி சூப்பர்வைசரா இருக்கற கம்பெனியில ஆப்பரேட்டரா நிக்கறதுக்கு ரோசம். ஊட்டுக்கு வர்றதுக்கு ரோசம். போன்ல நாலு வார்த்தை பேசறதுக்கும் ரோசம்.

— போன்ல நான் பேசலையா?

— பேசுனீங்க. அதை மறக்க முடியுங்களா? போன மழைக்குப் பாப்பாவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. ரத்தத்துல என்னமோ கொறைஞ்சுட்டே போகுது, அப்பாவை வரச் சொல்லுங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வராந்தாவுல நின்னுட்டு உங்களுக்குப் போன் பண்ணுனேன். அவனுக்கு எதுக்குப் பண்றன்னு எங்கப்பா கேட்டாரு. அவரையும் மீறிப் பண்ணுனேன். என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்குங்களா?

— நிர்மலா, அன்னைக்கு ஷெட்டுல...

— 'சரி, சரி, நல்லது, ரொம்ப நல்லது'ன்னீங்க. சிரிச்சுட்டே சொன்னீங்க. சொல்லிட்டு வெச்சுட்டீங்க.

— ஷெட்டுல தறி ஓடிக்கிட்டிருந்துச்சு.

— ஓடுனா வெளிய வந்து பேசோணும். கூப்புட்டது யாருங்க, கடன்காரனா? பாப்பா கண்ணு முழிச்சதும் 'அப்பா வர்றாங்களாம்மா'ன்னு கேட்டா. வர்றாங்க கண்ணுன்னு சொன்னேன். மறுநாளும் கேட்டா. அதுக்கும் வர்றாங்கன்னேன். அப்பறம் கேக்கறதையே உட்டுட்டா.

— நான் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

— எப்ப?

— எங்க ஒச்சம்மா அத்தை நம்ம பழைய கம்பெனியில தையல்ல இருக்குல்ல, அது பல்லடம் பஸ் ஸ்டாண்டுல பாத்து சொல்லித்தேன் எனக்குத் தெரியும். அன்னைக்கே ஓடி வந்தேன். கட்டில்ல வேற புள்ள படுத்திருந்துச்சு. நீங்க வீட்டுக்குப் போயிட்டதாச் சொன்னாங்க.

— நான் போன்ல சொன்னப்பத் தெரியல, ஒச்சம்மா அத்தை சொல்லித் தெரிஞ்சுதா? நல்லாருக்குதுங்க. அதுக்கப்பறம் ஊட்டுக்கு வர்றதுக்கு வழி தெரியலையாக்கும்.

— எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?

— இப்ப வந்திருக்கறீங்களே, அதே மூஞ்சிதான். சரி, போனது போகட்டும். ஸ்கூல் உடற நேரம் ஆச்சுங்க. உங்களுக்குத்தான் அவசரம். வண்டிய எடுங்க, போங்க, கேட்டுகிட்ட போய் நில்லுங்க. எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு மொதல்ல இருந்து வாங்க. கைய எதுமேலயும் வெக்காதீங்க.

— சாவி ஆஃப் பண்ணிட்டேன்.

— இப்பத் திருப்புங்க. ஒண்ணும் செய்யாதீங்க. காத மட்டும் குடுங்க. ஙொய்ங்னு பம்ப்பு சத்தம் வரும், நிக்கும். நின்னதும் கிளட்சைப் புடிச்சுட்டு ஒருக்கா அமுக்கோணும். புடிச்சதும் உட்டறோணும். அவ்வளவுதான் இந்த வண்டிக்கு. நாலாவது படிக்கற உங்க புள்ளைக்கே தெரியும்.

— திருப்பிட்டேன்.

— சத்தம் கேட்டுதுங்களா?

— ம். கேட்டுச்சு.

— எப்படி?

— நீ சொன்ன மாதிரித்தேன். ஙொய்ங்னு.

— நின்னுருச்சா?

— நின்னுருச்சு. அமுக்கவா?

— அமுக்க வேண்டாங்க.

— ஏன், இப்ப எதுல கொறை கண்டுபிடிச்ச?

— வலது கைப்புடியில இஞ்சினை நிறுத்தறதுக்கு செவப்பா ஒரு சுச்சு இருக்குது பாருங்க. நீங்க முறுக்குன முறுக்குல கட்டை விரல் பட்டு அது ஆஃப் ஆயிருச்சு. அப்பவே பாத்தேன். உங்களுக்கே தெரியுதான்னு பாக்கலாம்னு பேசாம நின்னேன். அது ஆஃப்ல இருந்தா பம்ப்பு ஓடாதுங்க.

— ஓடுச்சே.

— ஓடல. ஒரு சத்தமும் வரல. அந்தப் பக்கம் ரோட்டுல காய்காரன் போறான், அந்தச் சத்தம்கூட எனக்குக் கேட்டுது. வண்டியில இருந்து ஒண்ணும் வரல. நீங்க எதைக் கேட்டீங்க?

— நீ ஙொய்ங்னு வரும்ன. அதான் வந்திருக்கும்னு...

— அதென்னங்க, வந்திருக்கும்? சரி, இந்தாங்க, சுச்சை நானே போட்டுட்டேன். சாவிய மறுக்காத் திருப்புங்க. இப்ப நெசமாவே ஓடும். எப்ப நிக்குதுன்னு சொல்லுங்க.

— ம்.

— சொல்லுங்க.

— இன்னும் ஓடுது.

— நின்னு வெகு நேரம் ஆச்சுங்க.

— நீ கண்ணு முன்னால நின்னு நொய் நொய்ங்கற. அதுல எப்படிக் கேக்கும்? அந்தாண்ட போ.

— போறனுங்க.

— போ. நான் பாத்துக்கிறேன்.

— ஏனுங்க.

— ஏனுங்க, இங்க திரும்புங்க.

— ஏனுங்க, டேங்க்குல இருந்து பெட்ரோல் ஒழுகுது பாருங்க.

— எங்கிட்டுப் போயிட்ட நிர்மலா? போன்னா ஒரேயடியாப் போயிருவியா?

— உங்க முதுகுக்குப் பின்னாலதான் நிக்கறேன். மூணு வாட்டி கூப்புட்டேன். பெட்ரோல் ஒழுகுதுன்னுகூடச் சொல்லிப் பாத்தேன். அசையலீங்க நீங்க.

— யோசனையில இருந்தேன்.

— யோசனை இல்ல. இங்க என்னையப் பாருங்க. கீழ பாக்காதீங்க. எவ்வளவு நாளா?

— என்ன எவ்வளவு நாளா?

— எதுக்கு உங்க மூஞ்சியப் பாத்துப் பேசச் சொன்னீங்கன்னு இப்பத்தான் தெரியுது. வாயைப் பாக்கறீங்க. எவ்வளவு நாளா இப்படி?

— முழுசாப் போகல. எதுத்தாப்புல நின்னு பேசினா பாதி கேக்கும், மீதிய வாயைப் பாத்து புரிஞ்சுக்கிருவேன். சன்னமான சத்தந்தேன் ஒண்ணும் வராது. போன்ல பேசினா குரல் வரும், வார்த்தை வராது. தண்ணிக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கும்.

— டாக்டர்கிட்டக் காட்டலீங்களா?

— காட்டினேன். தறிச் சத்தத்துல போனதாம். சின்ன வயசுல இருந்து அதுக்குள்ளேயே கெடந்தா இப்படித்தேனாம். போனது வராதுன்னாரு. காதுல மிசினு மாட்டினா கொஞ்சம் கேக்குமாம்.

— கம்பெனியில நிட்டிங்ல நின்னீங்களே, அப்பவேவா?

— அப்பவே பாதி போயிருச்சு. நீ பின்னால நின்னு கத்துனது சத்தியமா எனக்குத் தெரியாது நிர்மலா. திரும்பிப் பாத்தா எல்லாரும் என்னையச் சுத்தி நிக்கிறாங்க, நீ கோவமா நிக்கிற. 'காதுல ஏறலையா'ன்னு கேட்டியே, அது மட்டும் நல்லாத் தெரிஞ்சுச்சு. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். கூட்டத்துல எவனோ சிரிச்சான். அதுக்கப்பறம் அங்கன நிக்க முடியல.

— யாருக்கும் தெரியாதுங்க. எனக்கே தெரியாது. ஒரே ஊட்டுல இருந்த எனக்கே தெரியலையே. டி.வி. சத்தமா வெக்கறதுக்குத் திட்டியிருக்கேன். கூப்புட்டா வர்றதில்லேன்னு திட்டியிருக்கேன். ஒருக்காவாச்சும் வாயைத் தொறந்து சொன்னீங்களா?

— சொன்னா என்ன சொல்லுவீங்க? உங்கப்பாரு ஏற்கனவே தெக்கத்தியான்னு ஒரு பேரு வச்சிருக்காரு. அதோட செவிட்டுத் தெக்கத்தியான்னு சேத்துக்கிருவாரு. தறி ஷெட்டுலதேன் யாரும் யாரோடயும் பேசமாட்டாங்க, எல்லாம் சைகைதேன். அங்கன என்னைய எவனும் கண்டுபிடிக்க முடியாது. அதுக்குத்தேன் போனேன்.

— காது போனது எதுல? தறியில. அதை ஒளிக்கறதுக்கு எங்க போனீங்க? மறுக்காவும் தறிக்கே. மிச்சம் மீதி இருக்கறதையும் குடுத்துட்டு வரலாம்னு. இத்தனை மூளைய வெச்சுட்டு எஃப்.ஐ. வண்டியக் கொறை சொல்றீங்க நீங்க.

— திட்டு. இப்ப வாயைப் பாத்துத்தேன் இருக்கேன். எல்லாம் புரியுது.

— அன்னைக்கு நான் போன் பண்ணுனப்ப என்னதான் கேட்டுது உங்களுக்கு?

— ஒண்ணும் கேக்கல. போன்ல உன் பேரு வந்துச்சு. எடுத்தேன். உன் குரல்தேன்னு தெரிஞ்சுச்சு. என்ன சொல்றன்னு தெரியல. எம்புட்டு நாள் கழிச்சு நீயாக் கூப்பிட்டிருக்க. அந்தச் சந்தோசத்துல சரி சரி, நல்லதுன்னேன். மறுபடி கேட்டா தெரிஞ்சு போயிரும்னு வச்சுட்டேன்.

— சந்தோசத்துல சிரிச்சீங்களா?

— ஆமா. பக்கத்துத் தறிக்காரன்கிட்டக்கூட சைகையில சொன்னேன். வீட்டுல இருந்து போனுன்னு.

— ஏனுங்க இப்படி... பாப்பா அங்க...

— அழுகாத. நீ அழுதா வாய் கோணிக்கிருது, என்ன சொல்றன்னு எனக்குப் புரியமாட்டேங்குது.

— அழுகலீங்க. எரிச்சல். காது கேக்கலேங்கறதுக்கு எனக்குக் கோவமில்ல. கேக்காதத கேட்டுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான். இப்ப இந்தப் பம்ப்புக்குச் சொன்னீங்களே, அப்படியேதான் அன்னைக்கும் சொல்லியிருக்கறீங்க. 'எனக்குக் கேக்கல நிர்மலா, மெசேஜ் அனுப்பு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே வந்து பாப்பாகிட்ட நின்னிருப்பீங்க. உங்க ரோசத்துக்கு எம்புள்ள ஆஸ்பத்திரியில வழி பாத்துட்டுக் கெடந்தா.

— தப்புதேன்.

— உங்க வண்டிய நெசமாவே வித்தீங்களா?

— அதெதுக்கு இப்ப?

— கேட்டதுக்குச் சொல்லுங்க.

— விக்கல. காரணம்பேட்டைக்கிட்ட பின்னால லாரி ஹாரன் அடிச்சிருக்கான். அடிச்சுக்கிட்டே வந்திருக்கான். எனக்குத் தெரியல. ஒதுங்காமப் போயிருக்கேன். தட்டிட்டான். நான் மண்ணுல விழுந்து பொழச்சேன். வண்டி நசுங்கிருச்சு.

— அப்படி இருந்துட்டுத்தான் பாப்பாவை வண்டியில வெச்சுக் கூட்டிட்டு வர்றேன்னு வந்தீங்களா?

— உன் வண்டியில கண்ணாடி ரெண்டு பக்கமும் பெருசா இருக்கு. பாத்துப் பாத்து ஓட்டிருவேன்னு நெனச்சேன்.

— ஓட்டிருவீங்க. பின்னால வர்ற லாரிக்காரன் உங்க காது தெரிஞ்சு ஒதுங்கிப் போவான் பாருங்க. ஏனுங்க, உங்களுக்கு நெசமாவே பயம்னு ஒண்ணு இல்லீங்களா?

— இருக்கு. அதனாலதேன் வந்தேன். விழுந்த அன்னைக்கு மண்ணுல கெடக்கேன். சுத்தி நின்னு என்னமோ கேக்கிறாங்க. ஒருத்தன் வாயும் புரியல. புள்ளைய ஒருக்காப் பாத்துரணும்னு தோணுச்சு. பாத்துட்டு, அவ பேசுறத இருக்கிற காதுக்குக் கேட்டு வச்சுக்கிறணும்னு. இதுவும் போயிருச்சுன்னா அப்பறம் எதைக் கேக்கறது?

— இதை வந்து எறங்குன உடனே சொல்றதுக்கு என்னங்க? சாவியக் குடு, நான் யாரு தெரியுமா, ஆட்டுக்குட்டிய வெச்சு ஓட்டுனேன்னு ஒரு மணி நேரம் வீராப்பு.

— நீ அந்த மாதிரிப் பாத்த. எறங்கினதும் மேல இருந்து கீழ ஒரு பார்வை. அதுக்கப்பறம் இதையெல்லாம் எப்படிச் சொல்றது? வீராப்புதேன் வந்துச்சு.

— நானும் அப்படித்தான் பாத்தேன். இல்லேங்கல.

— சரி, ஓட்டல. சத்தியமா ஓட்டல. ஆனா ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கிறேன் நிர்மலா. இதுகிட்டயும் தோத்துட்டுப் போனேன்னு இருக்க வேண்டாம்.

— அதுக்கு காது வேண்டாங்க. வாங்க. சாவியத் திருப்புங்க. மீட்டர்ல மஞ்சளா ஒரு லைட்டு, இஞ்சின் படம் போட்டது, எரியுது பாருங்க. பம்ப்பு ஓடி ரெடியானதும் அது அணைஞ்சுரும். சத்தம் கேக்கறவங்க சத்தத்தை வெச்சுக்கட்டும். நீங்க லைட்டைப் பாருங்க.

— எரியுது. எரியுது. அணைஞ்சிருச்சு.

— இப்ப கிளட்சைப் புடிங்க. வலது கைய ஆக்சிலேட்டர் மேல சும்மா வெச்சுக்கோங்க, முறுக்க வேண்டாம். கட்டை விரல்ல ஒருக்கா அமுக்கி உடுங்க.

— புடிச்சிருச்சு. ஒரே அமுக்கு. பாத்தியா? கையில அதிருது. நிர்மலா, பாத்தியா?

— பாத்தனுங்க. முறுக்காதீங்க, தானா ஓடட்டும். கொஞ்ச நேரம் ஓடுனா தணிஞ்சு நெதானத்துக்கு வந்துரும்.

— பழசு மாதிரி அடிச்சுத் தூக்கல. பூனை கணக்கா இருக்கு. நல்ல வண்டிதேன் வாங்கியிருக்க. இந்தா, நான் எறங்கிக்கிறேன். நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கிறேன். ரெண்டு பேருமாப் போயிக் கூப்புடுவோம். நேரம் ஆச்சுல்ல, புள்ள கேட்டுகிட்ட தனியா நிக்கும்.

— நிக்க மாட்டாளுங்க.

— என்ன சொல்ற? வண்டி ஓடுது, கேக்கல. என்னையப் பாத்துச் சொல்லு.

— வண்டிய ஆஃப் பண்ணுங்க.

— எதுக்கு? இப்பத்தேன ஸ்டார்ட் ஆச்சு.

— ஆஃப் பண்ணுங்க, சொல்றேன்.

— பண்ணிட்டேன். சொல்லு.

— இன்னைக்கு ஸ்கூல் லீவுங்க. பூட்டுன கேட்டுக்கு முன்னால போய் வழி பாத்துட்டு நில்லுங்கன்னுதான் சாவியக் குடுத்தேன். பாப்பா அப்ப இருந்து அந்த ஜன்னலுக்குப் பின்னாலதான் நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டிருக்கறா.